டிஜிடல் கலாசாரம்: இதுவும் ஒரு படிப்பா?

"பெண் காலேஜில் என்ன படிக்கிறாள்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்கிறாள். "டாக்டருக்கு" என்று சொன்னால் அந்த அம்மாளின் முகத்தில் மரியாதை தோன்றும். "பி.காம்." என்றால், "பாங்கு உத்தியோகம் கிடைக்கும், போங்கள்" என்று ஆறுதல் வரும். ஆனால், "டிஜிடல் கலாசாரம் படிக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள்! அம்மாள் ஒரு விநாடி விழிப்பாள். பிறகு, "செல்போன் பார்ப்பதற்குக் கூடவா படிப்பு? எங்கள் வீட்டுப் பையன் சம்பளம் கட்டாமலே அதை ராப்பகலாகப் படித்துக்கொண்டிருக்கிறானே!" என்பாள்.

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல இது. மகனையோ மகளையோ மூன்று வருஷம் படிக்கவைக்கப் பணம் கட்டுகிற தகப்பனாருக்கு, "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கப் பூரண உரிமை உண்டு. ஆகவே, அந்தப் பிரயோஜனம் என்னவென்றுதான் பார்த்துவிடுவோமே!

முதலில் ஒரு விஷயம். சோறு சாப்பிடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நாற்று நடத் தெரியுமா? தெரியாது. நெல் எந்த வயலில் விளைந்தது, எந்த மில்லில் அரைத்தார்கள், தராசில் எவ்வளவு குறைந்தது, நடுவில் யார் கல்லைக் கலந்தார்கள் என்பதெல்லாம் சாப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வயிற்றுவலி வருகிற வரையில்! செல்போன் பார்ப்பதும் அப்படித்தான். பையன் பார்க்கிறான். அவனுக்கு முன்னால் அந்தக் காட்சியை யார் கொண்டு வந்து வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள், எதை மறைத்து வைத்தார்கள் என்பது வேறு சமாசாரம். அந்த வேறு சமாசாரத்தைத்தான் இந்தப் படிப்பு சொல்லித் தருகிறது.

எங்கே இருக்கிறது இந்தப் படிப்பு?

நார்வே தேசத்தில் பெர்கன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. மழைக்குப் பேர் போன ஊர். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் குடையும் கையுமாகத்தான் நடக்க வேண்டும். அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் 'டிஜிடல் கலாசாரம்' என்ற பெயரிலேயே பாடம் நடத்துகிறார்கள். ஜில் வாக்கர் ரெட்பர்க் என்ற பேராசிரியை அங்கே பிரசித்தம். ஜனங்கள் இன்டர்நெட்டில் நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றியும், தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வதைப் பற்றியும், யந்திரங்களின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியும் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் விளையாட்டு, மின்னணு இலக்கியம், இணையதளம் அமைப்பது எல்லாம் அங்கே பாடத்தில் சேர்த்தி.

லண்டனில் கிங்ஸ் காலேஜிலும் இது சம்பந்தமான பட்டப்படிப்பு உண்டு. ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து, இன்டர்நெட்டைக் கொண்டே சமூகத்தை ஆராய்வது எப்படி என்று வழிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். வெளிதேசத்து மாணவர்கள் கோடை விடுமுறையில் அங்கே போய், சில வாரங்கள் கூட்டாக உட்கார்ந்து வேலை செய்து பழகுகிறார்கள்.

பாதிரியார் போட்ட பிள்ளையார் சுழி

இது நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் என்று நினைத்துவிட வேண்டாம். 1949-ஆம் வருஷத்தில் ராபர்ட்டோ பூஸா என்ற இத்தாலியப் பாதிரியார் ஒருவர் நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்ஸனைப் பார்க்கப் போனார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் என்ற ஞானியின் லத்தீன் நூல்களில் உள்ள சொற்களை எல்லாம் அகராதிபோல் வரிசைப்படுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. மொத்தம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள்! "உமது யந்திரங்கள் உதவுமா?" என்று கேட்டார். "முடியாத காரியம்" என்று வாட்ஸன் தலையை ஆட்டினார்.

பாதிரியார் சளைத்தவர் அல்ல. வரவேற்பு அறையில் மாட்டியிருந்த அந்தக் கம்பெனியின் விளம்பர அட்டை ஒன்றை முன்னதாகவே கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். கஷ்டமான வேலையை உடனே முடிப்போம், அசாத்தியமான வேலைக்குத்தான் சற்று நேரம் பிடிக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அதை வாட்ஸனின் மேஜைமேல் வைத்தார். அப்புறம் வாட்ஸன் என்ன சொல்ல முடியும்? சம்மதித்துவிட்டார். அந்தச் 'சற்று நேரம்' முப்பது வருஷம் பிடித்தது! 1974 முதல் 1980 வரையில் 56 பாகங்களாக அந்த அகராதி அச்சேறியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது பாதிரியாரின் கதை. ஆனால், ஒரு கோடிச் சொற்களையும் அட்டைகளில் துளையிட்டுப் பதித்தவர்கள் யார்? இத்தாலியில் கல்லராட்டே என்ற ஊரில், லத்தீன் தெரியாத இளம்பெண்கள் பலர் யந்திரங்களின் முன் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். புகைப்படங்களில் அவர்கள் இருந்தார்கள்; பெயர்கள் மட்டும் எங்கும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு ஜூலியான் நைஹன் என்ற ஆராய்ச்சியாளர் அவர்களில் சிலரைத் தேடிப்பிடித்து, வயதான காலத்தில் அவர்கள் சொன்ன அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார்.

'இதற்குப் பின்னால் இருப்பது யாருடைய கை?' இந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையும் கண்டுபிடிக்கிற பழக்கம்தான் இந்தப் படிப்பின் உயிர்நாடி. மற்றத் திறமைகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் கிளைகளே.

வாசிக்காமல் விடுகிற சாமர்த்தியம்

முதல் திறமையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு பக்கத்தை வாசிக்காமல் வெளியேறத் தெரிய வேண்டும் என்பதுதான் அது!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸாம் வைன்பர்க் என்ற பேராசிரியரும் அவருடைய சகா ஸாரா மக்ரூவும் ஒரு பரிசோதனை நடத்தி, 2017-இல் வெளியிட்டார்கள். சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் 10 பேர். பத்திரிகைகளில் வரும் செய்தி சரியா தப்பா என்று சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் இரண்டு இணையதளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். இரண்டும் குழந்தை வைத்தியர்களின் சங்கங்கள். ஒன்று 1930-இல் தோன்றியது. பல்லாயிரம் அங்கத்தினர்களைக் கொண்டது. மற்றொன்று, அரசியல் அபிப்பிராய பேதத்தால் 2002-இல் பிரிந்து போனவர்கள் ஆரம்பித்த சிறிய கோஷ்டி. பெயர்கள் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

என்ன நடந்தது தெரியுமா? மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறிய கோஷ்டியின் தளத்தையே உசத்தி என்றார்கள். காரணம்? பக்கம் லட்சணமாக இருந்தது. அடிக்குறிப்புகள் ஒழுங்காக இருந்தன! சரித்திரம் கரைத்துக் குடித்த பண்டிதர்களிலும் பலர் தடுமாறினார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் ஒருவர்கூட ஏமாறவில்லை.

அவர்கள் செய்த தந்திரம் என்ன? பக்கத்தை மேலிருந்து கீழாக மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. சில விநாடிகளில் அதை விட்டு வெளியே வந்தார்கள். 'இந்தச் சங்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லுகிறார்கள்?' என்று வேறு இடங்களில் விசாரித்தார்கள். 'பக்கவாட்டு வாசிப்பு' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதா? பெண்ணுக்கு வரன் வந்தால் பிள்ளை வீட்டாரின் பேச்சை மட்டும் கேட்டா முடிவு செய்கிறோம்? பிள்ளை வீட்டார் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தெருக்கோடி மளிகைக் கடையில் போய் அல்லவா மெதுவாக விசாரிக்கிறோம்! அதே புத்திதான். திரையைக் கண்டால் மட்டும் அந்தப் புத்தி எப்படியோ நம்மை விட்டுப் போய்விடுகிறது. அதை மறுபடியும் பழக்கத்தில் கொண்டுவருவதற்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

வெட்டி எறியப்பட்ட கடைசிக் காட்சி

இரண்டாவது திறமை, ஒரு படமோ செய்தியோ எங்கே பிறந்தது என்று தடம் பிடித்துப் போவது. இது ஏதோ வகுப்பறை விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள் 2018-ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் இந்தியாவின் பல பகுதிகளில் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்றது அந்த வதந்தி. கூடவே ஒரு வீடியோ. தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு குழந்தையை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்த்த தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கியதில் வியப்பில்லை.

உண்மை என்ன? அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், காணாமற்போன குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு சங்கத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்ச்சிப் படம். நடித்தவர்கள் நடிகர்கள். படத்தின் முடிவில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வருகிறது. குழந்தையைப் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள். குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் அட்டையை உயர்த்திக் காட்டுகிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டான். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம், மனிதர்களைக் கொல்லும் ஆயுதமாகிவிட்டது.

கொல்லும் என்று சொல்லுவது அலங்காரத்துக்காக அல்ல. அந்த வருஷத்தில் இத்தகைய வதந்திகளை நம்பிய கும்பல்கள் பல மாநிலங்களில் நிரபராதிகளை அடித்தே கொன்றன. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் அந்தக் கொடுமை நடந்தது. 2018 மே மாதத்தில் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம். வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் ஒரு மூதாட்டி. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்தக் கும்பலில் இருந்தவர்களும் நம்மைப் போலக் குடும்பஸ்தர்களே. தங்கள் குழந்தைகளைக் காப்பதாக எண்ணியே ஓடி வந்தார்கள் என்பதுதான் நெஞ்சைப் பிளக்கிறது. அதே வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இந்த மாதிரி வீடியோவை வகுப்பில் ஒரு மாணவியின் கையில் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? ஓடும் படத்தை ஓர் இடத்தில் நிறுத்துவாள். அந்த ஒரு காட்சியைப் படமாக எடுத்து, அதே படம் வேறு எங்கே, எந்தத் தேதியில் வெளிவந்திருக்கிறது என்று தேடுவாள். கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டியின் நம்பர் பலகை எந்த நாட்டு மாதிரி, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று உற்றுப் பார்ப்பாள். முக்கியமாக, 'இதற்கு முன்னால் என்ன இருந்தது? பின்னால் என்ன இருந்தது?' என்று கேட்பாள். சில நிமிஷ வேலை. அந்தச் சில நிமிஷம் பொறுக்காததால் போன உயிர்கள் எத்தனை!

ஒரே ஊர், வெவ்வேறு தலைப்பு

மூன்றாவது, ஒரே சங்கதியைப் பல வாய்கள் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் திறமை.

விக்கிபீடியா என்ற கலைக்களஞ்சியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001-இல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. 2003-இல் தமிழிலும் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஒரே விஷயம் எல்லா மொழிகளிலும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ராஜர்ஸ் அப்படி நினைக்கவில்லை. அவரும் அவருடைய சகா ஒருவரும் ஸ்ரெப்ரெனீட்ஸா என்ற ஊரைப் பற்றிய கட்டுரைகளை ஆறு மொழிகளில் எடுத்து ஒப்பிட்டார்கள். போஸ்னியாவில் உள்ள அந்த ஊரில் 1995 ஜூலையில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்டார்கள். அப்போது அந்த ஊருக்குக் காவலாக ஐக்கிய நாடுகள் சபை நிறுத்தியிருந்தது டச்சுப் பட்டாளத்தை.

அவர்கள் ஆராய்ந்த காலத்தில் போஸ்னிய மொழிக் கட்டுரைக்குத் தலைப்பு 'இனப்படுகொலை'. செர்பிய மொழியில் 'படுகொலை'. டச்சு மொழியிலோ, 'ஸ்ரெப்ரெனீட்ஸாவின் வீழ்ச்சி'! காவல் நின்றவர்களின் மொழியில் அது ஓர் ஊர் விழுந்த கதை. மாண்டவர்களின் மொழியில் இனத்தையே அழிக்க முயன்ற கதை. மாண்டவர்களின் தொகையிலும், பழியை யார்மேல் போடுவது என்பதிலும்கூட வித்தியாசம் இருந்தது.

'அப்படியானால் எல்லாம் பொய்யா?' என்று கேட்டுவிட்டு மாணவர்கள் எழுந்து போய்விடக் கூடாது. சர்வதேச நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்திருக்கின்றன. உண்மை ஒன்று உண்டு. ஆனால், அதை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில் சொல்லுகிறவனின் மனச்சாட்சி எட்டிப் பார்க்கிறது. விக்கிபீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்ற ஜாபிதாவும், சண்டை போட்டுக்கொண்ட பக்கமும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் திறந்து படிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு எந்தக் கலைக்களஞ்சியமும் வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாது.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

கணக்கு என்றால் காத தூரம் ஓடும் இலக்கிய மாணவர்களையும் இந்தப் படிப்பு கொஞ்சம் எண்ண வைக்கிறது. பைத்தான் போன்ற எளிய கம்ப்யூட்டர் பாஷை ஒன்றைக் கற்று, ஆயிரக்கணக்கான செய்திகளைத் திரட்டி, வகைப்படுத்தி, படமாக வரைந்து காட்டப் பழகுகிறார்கள். கண்ணால் கண்ட நாலைந்து உதாரணங்களை வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்!" என்று தீர்ப்புச் சொல்லுகிற வியாதிக்கு இது நல்ல மருந்து.

எண்ணுவதால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை போதும். ஜாய் புவொலம்வீனி என்பவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். முகத்தை அடையாளம் காணும் யந்திரத்தின் முன்னால் நின்றார். அது அவர் முகத்தைக் காணவே இல்லை! ஒரு வெள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றார், உடனே கண்டுகொண்டது. வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் எண்ணத் தொடங்கினார். டிம்னிட் கெப்ரு என்ற தோழியுடன் சேர்ந்து, ஆறு நாடுகளின் சட்டசபை அங்கத்தினர்கள் 1,270 பேரின் படங்களை மூன்று கம்பெனிகளின் யந்திரங்களிடம் கொடுத்து, ஆணா பெண்ணா என்று சொல்லச் சொன்னார். 2018-இல் முடிவு வெளியாயிற்று. வெளுத்த நிறமுள்ள ஆண்கள் விஷயத்தில் எந்த யந்திரமும் 100-க்கு 1 பிழைகூடச் செய்யவில்லை. கறுத்த நிறமுள்ள பெண்கள் விஷயத்திலோ, மிக மோசமான யந்திரம் 100-க்கு ஏறக்குறைய 35 பிழைகள் செய்தது.

'யந்திரத்துக்குப் பட்சபாதம் கிடையாது' என்ற நம்பிக்கை அன்றோடு சாய்ந்தது. யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் யாருடைய முகங்கள் அதிகமாக இருந்தன என்பதுதான் கேள்வி. மறுபடியும் அதே கேள்விதான், பாருங்கள்: யாருடைய கை?

பிறர் ரகசியம்

தகவலைத் திரட்டத் தெரிந்தவனுக்கு அதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். 2006-இல் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற கம்பெனி, ஆராய்ச்சிக்கு உதவியாக இருக்கட்டும் என்று, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதங்களில் இன்டர்நெட்டில் எதை எதைத் தேடினார்கள் என்ற ஜாபிதாவை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். இனி யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று எண்ணினார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் தேடிய ஊர்ப் பெயர், உறவினர்களின் குலப் பெயர், உடல் உபாதைகள் இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, சில நாட்களில் அந்தப் பெண்மணியின் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்கள்!

ஆகவேதான் இந்த மாணவர்கள் பிறர் எழுதியதை ஆராயும்போது, 'இதைப் பயன்படுத்தினால் எழுதியவருக்கு ஏதாவது தீங்கு வருமா?' என்று முதலில் எழுதி விளக்கவேண்டியிருக்கிறது. இன்டர்நெட் ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம் 2002 முதற்கொண்டு இதற்கு நெறிமுறைகள் வகுத்துத் திருத்திக்கொண்டு வருகிறது. நடுத்தெருவில் பேசினாலும் அடுத்தவர் பேச்சு அடுத்தவர் பேச்சுதான் என்ற நாகரிகம் இது.

பேசும் யந்திரமும் மறையும் ஊரும்

இப்போது யந்திரங்கள் நம்மோடு சரளமாகப் பேசவும் தொடங்கிவிட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, "யந்திரம் சொல்லிவிட்டது" என்பது வேதவாக்காகிக்கொண்டிருக்கிறது. இந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் ஒரு பழைய கதையை அறிந்திருப்பார்கள். 1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைஸன்பாம் என்ற பேராசிரியர் 'எலைஸா' என்ற பேசும் புரோகிராமைத் தயாரித்தார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் முழு வித்தை. அதைத் தயாரித்தபோது கூடவே இருந்து பார்த்த அவருடைய காரியதரிசி, அதனோடு கொஞ்சம் பேசிய பிறகு, "தயவுசெய்து நீங்கள் வெளியே இருங்கள்" என்று பேராசிரியரையே அனுப்பிவிட்டாராம்! யந்திரத்துக்குள் மனம் இருப்பதாக நம்ப நாம் எவ்வளவு ஆவலாக இருக்கிறோம் என்பதை அவர் அன்றே கண்டு திகைத்துப் போனார்.

பாதுகாக்கும் திறமையும் உண்டு. 1994-இல் பிறந்த ஜியோஸிடீஸ் என்ற தளத்தில் லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் தங்களுக்கென்று பக்கங்கள் கட்டி வைத்திருந்தார்கள். 2009-இல் யாஹூ கம்பெனி அதை இழுத்து மூடியது. தன்னார்வத் தொண்டர்கள் இராப்பகலாக உட்கார்ந்து முடிந்தமட்டும் நகல் எடுத்தார்கள். கரையான் அரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த தமிழர்களுக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர்கள் கைப்பட உள்ளிட்ட பழைய நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி இன்டர்நெட்டில் சேர்த்து வைக்கவில்லையா?

உத்தியோகம் கிடைக்குமா?

இனித் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிவிடுகிற மாதிரி நிச்சயமான உத்தியோகம் எதையும் இந்தப் படிப்பு மாட்டிவிடாது. கம்ப்யூட்டர் இன்ஜினீயராக வேண்டும் என்றால் அதற்கென்று வேறு படிப்பு இருக்கிறது. ஆனால், பத்திரிகை ஆபீசுகள், நூல்நிலையங்கள், மியூசியங்கள், சர்க்கார் இலாகாக்கள், விளம்பரக் கம்பெனிகள், விளையாட்டுத் தயாரிப்பாளர்கள், தொண்டு ஸ்தாபனங்கள் எல்லாவற்றிலும் இன்றைக்கு ஒரு ரக மனிதர் தேவைப்படுகிறார். இன்ஜினீயர் சொல்வதை எழுத்தாளருக்கும், எழுத்தாளர் கேட்பதை இன்ஜினீயருக்கும் புரியவைக்கிறவர். தகவலைத் திரட்டவும் அதைச் சந்தேகிக்கவும் தெரிந்தவர். கண்டதைத் தெளிவாக எழுதவும், நாலு பேரோடு கூடி வேலை செய்யவும் பழகியவர். இன்று பழகும் கருவி நாளைக்குப் பழசாகிவிடும். கேட்கத் தெரிந்த கேள்வி பழசாவதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகப்படவே கற்றுக்கொண்ட சில பிள்ளைகள் எதையும் நம்பாமல் போய்விடுகிற அபாயமும் உண்டு. எல்லாவற்றையும் நம்புகிறவனும் ஒன்றையுமே நம்பாதவனும் ஒரே மாதிரிச் சோம்பேறிகள், இருவருமே விசாரிப்பதில்லை. நல்ல ஆசிரியர் இந்த இரண்டு பள்ளங்களிலும் விழாமல் மாணவனைக் கூட்டிச் செல்கிறார்.

வாசகர்களே! நீங்கள் பெர்கனுக்கும் லண்டனுக்கும் புறப்பட வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பாவோ அத்தையோ ஏதாவது ஒரு பயங்கரமான செய்தியை அனுப்பாமல் இருக்கப் போவதில்லை. அதை மற்றவர்களுக்குத் தள்ளிவிடுமுன் மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை முதலில் சொன்னது யார்? இதைப் பற்றி வேறு யார் என்ன சொல்லுகிறார்கள்? இதில் வெட்டி எறியப்பட்டது என்ன? விடை கிடைக்காவிட்டால், உங்கள் விரல் சும்மா இருக்கட்டும். ஒரு செய்தி உங்களோடு நின்றுபோவதால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கோ ஒரு கிராமத்து வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஒரு மூதாட்டி, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாலும் சேரலாம்.